உங்கள் டெக் பங்கில் ஷார்ட் எவ்வளவு, ஃப்ளோட் எவ்வளவு: நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஓஎம்ஆரில் வேலை பார்க்கிற பலரிடம் இன்றைக்கு ஏதாவது ஒரு அமெரிக்க டெக் கம்பெனியின் பங்கு இருக்கிறது. வேலை பார்க்கும் கம்பெனியே சம்பளத்தோடு கொடுக்கிற ஆர்எஸ்யுவாக வந்திருக்கும், இஎஸ்பிபி என்ற ஊழியர் பங்குத் திட்டத்தில் சம்பளத்திலிருந்து பிடித்து வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் ஆப் வழியாக டாலர் அனுப்பி வாங்கியிருப்பார்கள். அந்தப் பங்கு நாலு நாள் தொடர்ந்து இறங்கினால் போதும், டெலிகிராம் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துவிடும்: "ஷார்ட் 18%". ஒருவர் "முடிஞ்சுது, வித்துட்டு வெளிய வாங்க" என்பார். அடுத்தவர் "ஸ்குவீஸ் வரப்போகுது, இன்னும் வாங்கிப் போடுங்க" என்பார். இரண்டு பேர் கையிலும் இருப்பது அதே 18தான். அது எந்த எண்ணை எந்த எண்ணால் வகுத்து வந்தது, எந்தத் தேதிக்கான கணக்கு என்று மட்டும் இரண்டு பேருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கத்தான் இது. கஷ்டமான விஷயம் இல்லை, எட்டாம் வகுப்பு வகுத்தல் தெரிந்தால் போதும். ஆனால் மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் குரூப்பில் வருகிற பாதிச் செய்திக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

முதலில், ஷார்ட் என்றால் என்ன நடக்கிறது

தன்னிடம் இல்லாத பங்கை ஒருவர் கடன் வாங்கி விற்கிறார். விலை இறங்கியபின் சந்தையில் வாங்கி, கடன் கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கிறார். நடுவில் உள்ள வித்தியாசம் அவருக்கு. பக்கத்து வீட்டில் ஒரு மூட்டை பொன்னி அரிசி கைமாற்று வாங்கி, விலை உச்சத்தில் இருக்கும்போது விற்றுவிட்டு, அறுவடைக்குப் பிறகு விலை இறங்கியதும் வேறொரு மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுப்பதைப் போல. அதே மூட்டையைக் கொடுக்க வேண்டியதில்லை, அதே ரகம், அதே எடை இருந்தால் போதும்.

நூறு டாலருக்கு விற்ற பங்கு அறுபதுக்கு வந்தால் நாற்பது லாபம். ஆனால் இருநூறுக்குப் போனால் நூறு நஷ்டம், ஐந்நூறுக்குப் போனால் நானூறு நஷ்டம். வாங்கி வைத்திருப்பவருக்கு அதிகபட்சம் போட்ட பணம்தான் போகும், ஷார்ட் அடித்தவருக்கு அந்த எல்லை கிடையாது. விலை ஏற ஏற புரோக்கர் கூடுதல் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம் கேட்பார், கட்ட முடியாவிட்டால் அவரே சந்தையில் பங்கை வாங்கிக் கணக்கை மூடிவிடுவார். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷார்ட் அடித்த ஒவ்வொருவரும் என்றைக்காவது ஒருநாள் அதே பங்கை வாங்கியே தீர வேண்டியவர், சில சமயம் தான் விரும்பாத நேரத்தில். அப்படி மூட வேண்டியவர்கள் ஒரே நேரத்தில் வாங்க ஓடி விலை எகிறுவதைத்தான் ஸ்குவீஸ் என்கிறார்கள்.

கடன் யார் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் இன்டெக்ஸ் ஃபண்டுகள், ஓய்வூதிய நிதிகள், அப்புறம் மார்ஜின் கணக்கில் (புரோக்கரிடமே கடன் வாங்கும் வசதியுள்ள கணக்கு) பங்கு வைத்திருப்பவர்களின் புரோக்கர்கள். சும்மா கொடுப்பதில்லை, வட்டி உண்டு. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மாதிரி எங்கும் கிடைக்கும் பங்குக்கு அந்தக் கட்டணம் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. கிடைக்காத பங்குக்கு அதுவே வருடத்துக்கு 30%, 50% என்று போகும்.

இப்படிக் கடன் வாங்கி விற்று, இன்னும் திருப்பி வாங்காமல் நிற்கிற பங்குகளின் மொத்த எண்ணிக்கைதான் ஷார்ட் இன்ட்ரஸ்ட். எண்ணிக்கை என்பதைக் கவனியுங்கள். சதவீதம் அதற்கு அப்புறம்தான் வருகிறது, அதைச் செய்ய இன்னொரு எண் வேண்டும்.

கீழே உள்ள எண்: ஃப்ளோட்

இங்கேதான் அதிகக் குழப்பம், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு கம்பெனி வெளியிட்டிருக்கும் மொத்தப் பங்குகள் ஒரு எண். அதில் நிறுவனர், இயக்குநர்கள், தாய்க் கம்பெனி, ஆரம்பத்தில் பணம் போட்ட பெரிய முதலீட்டாளர்கள் ஆகியோர் கையில் இறுகிக் கிடப்பதைக் கழித்துவிட்டால், சந்தையில் தினமும் கை மாறக்கூடிய மீதி கிடைக்கும். அது ஃப்ளோட். நம் ஊர்க் கம்பெனிகளில் இதைப் பார்ப்பது சுலபம், ஏனென்றால் ஒவ்வொரு காலாண்டும் புரமோட்டர் எவ்வளவு, பொதுமக்கள் எவ்வளவு என்று பிரித்தே வெளியிட வேண்டும். சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டிசிஎஸ்ஸில் டாடா சன்ஸ் கையில் கிட்டத்தட்ட 72% இருக்கிறது, ஆகவே ஃப்ளோட் சுமார் 28%. இன்ஃபோசிஸ்ஸில் புரமோட்டர்கள் கையில் சுமார் 15%தான், மீதி எல்லாம் சந்தையில். இரண்டும் ஐடி, இரண்டும் பெரிய கம்பெனி, ஆனால் மொத்தப் பங்குக்கும் ஃப்ளோட்டுக்கும் உள்ள தூரம் இவ்வளவு வேறுபடுகிறது.

அமெரிக்காவில் புரமோட்டர் என்ற வகையே கிடையாது, நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 2010ல் இங்கே ஃப்ரெஷ்டெஸ்க் என்று தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலானது. வெளியீட்டு விலை 36 டாலர், விற்ற பங்குகள் 2.85 கோடி. மொத்தப் பங்குகளில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதி நிறுவனர், வென்ச்சர் முதலீட்டாளர்கள், ஊழியர்கள் கையில். போதாததற்குப் பங்கிலேயே இரண்டு வகுப்பு: ஏ வகுப்புக்கு ஒரு ஓட்டு, பி வகுப்புக்குப் பத்து ஓட்டு. சந்தையில் நீங்கள் வாங்குவது ஏ வகுப்பு. பி வகுப்பு வைத்திருப்பவர் விற்க நினைத்தால் அது ஏ வகுப்பாக மாறித்தான் சந்தைக்கு வரும். இப்படி இரண்டு வகுப்பு உள்ள கம்பெனிகளில் ஒரு தளம் ஏ வகுப்பை மட்டும் மொத்தமாக எடுக்கும், இன்னொரு தளம் இரண்டையும் கூட்டி எடுக்கும். அதனால் ஒரே நாளில், ஒரே பங்குக்கு, இரண்டு வேறு ஷார்ட் சதவீதம் காட்டும். பொய் என்று எதுவும் இல்லை, கீழே போட்ட எண்தான் வேறு.

இன்னும் கூர்மையான உதாரணம் வேண்டுமென்றால் ஆர்ம். 2023 செப்டம்பரில் 51 டாலருக்கு நாஸ்டாக்கில் வந்த இந்தச் சிப் வடிவமைப்புக் கம்பெனியில், வெளியீட்டுக்குப் பிறகும் சுமார் 90% சாஃப்ட்பேங்க் கையிலேயே இருந்தது. நூறு கோடிக்கு மேல் பங்கு உள்ள கம்பெனி, ஆனால் சந்தையில் சுற்றியது சுமார் பத்துக் கோடிதான். 2024 பிப்ரவரி 8 அன்று, எதிர்பார்த்ததைவிட நல்ல காலாண்டு முடிவு வந்ததும், ஒரே நாளில் 48% அளவுக்கு ஏறியது. நல்ல முடிவுதான், ஆனால் ஃப்ளோட் இவ்வளவு சிறியதாக இருந்ததும் சேர்ந்துதான் அப்படி எகிறியது. வாங்க ஓடுகிறவர்கள் நிறைய, விற்கக் கூடிய பங்கு கொஞ்சம்.

கணக்கைப் போடுவோம்

கற்பனையாக ஒரு மென்பொருள் கம்பெனி. மொத்தப் பங்கு 20 கோடி. நிறுவனரும் இரண்டு வென்ச்சர் நிதிகளும் சேர்ந்து 12 கோடி வைத்திருக்கிறார்கள். ஃப்ளோட் 8 கோடி. ஷார்ட் இன்ட்ரஸ்ட் 1.2 கோடி.

மொத்தப் பங்கால் வகுத்தால் 6%. ஃப்ளோட்டால் வகுத்தால் 15%. குரூப்பில் ஒருவர் 6 என்றும் இன்னொருவர் 15 என்றும் சண்டை போடுவார்கள், இரண்டுமே சரி. ஆனால் பயன்படுகிற எண் 15தான், ஏனென்றால் ஷார்ட்டை மூட வருகிறவர்கள் நிறுவனரின் பெட்டியிலிருந்து வாங்க முடியாது, அந்த 8 கோடிக்குள்தான் வாங்கியாக வேண்டும்.

அடுத்து, அந்தப் பங்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 30 லட்சம் கை மாறுகிறது என்று வையுங்கள். 1.2 கோடியை 30 லட்சத்தால் வகுத்தால் 4. இதற்கு டேஸ் டு கவர் என்று பெயர், சில தளங்களில் ஷார்ட் ரேஷியோ என்று போட்டிருக்கும். ஷார்ட் அடித்தவர்கள் மொத்தமாக மூட நினைத்தால், சந்தையில் நடக்கும் வியாபாரம் முழுவதும் அவர்களுடையதாகவே இருந்தாலும் நாலு நாள் ஆகும் என்று அர்த்தம். என்னைக் கேட்டால் சதவீதத்தைவிட இதுதான் அதிகம் சொல்லும். 15% ஷார்ட் உள்ள பங்கு தினமும் ஒரு கோடி கை மாறினால் ஒன்றே கால் நாளில் எல்லாரும் வெளியேறிவிடலாம். அதே 15%, தினமும் 8 லட்சம் மட்டுமே கை மாறினால் பதினைந்து நாள் ஆகும், வாசல் குறுகல். ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்: சராசரி எத்தனை நாளுக்கு எடுத்தது? காலாண்டு முடிவு வந்த வாரத்தில் வியாபாரம் மூன்று மடங்காகிவிடும், அந்த வாரச் சராசரியை வைத்து வகுத்தால் டேஸ் டு கவர் பொய்யாகச் சின்னதாகத் தெரியும்.

தேதியைப் பாருங்கள், கண்டிப்பாகப் பாருங்கள்

இந்த ஷார்ட் எண் தினமும் வெளியாகிற எண் இல்லை. அமெரிக்காவில் புரோக்கர்கள் ஃபின்ரா என்ற கட்டுப்பாட்டு அமைப்புக்கு மாதம் இரண்டு முறை கணக்குக் கொடுக்கிறார்கள், மாத நடுவில் ஒன்று, மாதக் கடைசியில் ஒன்று. கணக்குத் தேதியிலிருந்து ஏழு வேலை நாள் கழித்துத்தான் அது வெளியே வரும். அதாவது 31ஆம் தேதிக் கணக்கு நமக்குக் கிடைப்பது அடுத்த மாதம் 9, 10 தேதிவாக்கில். அடுத்த கணக்கு வரும்வரை அதுதான் கடைசி எண். அப்படிப் பார்த்தால் நீங்கள் பார்க்கும் ஷார்ட் இன்ட்ரஸ்ட் குறைந்தது ஒன்றரை வாரம் பழையது, சில சமயம் மூன்று வாரத்துக்கும் மேல் பழையது.

நடுவில் காலாண்டு முடிவு வந்து பங்கு 20% இறங்கியிருந்தால்? ஷார்ட் அடித்தவர்களில் பாதிப் பேர் லாபத்தை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே மூடியிருக்கலாம். நீங்கள் பழைய எண்ணைப் பார்த்து "இன்னும் இவ்வளவு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்று நினைத்து வாங்குவீர்கள். அதனால்தான், யாராவது ஷார்ட் சதவீதம் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தத் தேதிக்கு?"

இதோடு ஒட்டி இன்னொரு பொறி இருக்கிறது, புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். ஃபின்ரா தினமும் ஷார்ட் வால்யூம் என்று வேறொரு கோப்பு வெளியிடுகிறது. தன்னிடம் பதிவான அன்றைய விற்பனையில் ஷார்ட் என்று குறிக்கப்பட்டது எவ்வளவு என்பது அது. அதில் 45%, 50% என்று வருவது சாதாரணம், எந்தப் பெரிய பங்கை எடுத்தாலும் வரும். காரணம், நீங்கள் ஆப்பில் "வாங்கு" என்று தட்டும்போது எதிர்ப்பக்கம் விற்பவர் பல நேரம் ஒரு மார்க்கெட் மேக்கர், அதாவது வாங்கவும் விற்கவும் எப்போதும் தயாராக நிற்கிற வியாபாரி. அவர் கையில் அந்த நொடி பங்கு இல்லாமல் உங்களுக்கு விற்பார், அது ஷார்ட் என்று பதிவாகும், சில நொடியில் வேறு யாரிடமோ வாங்கிச் சரிக்கட்டிவிடுவார். மாலைக்குள் அவரிடம் ஷார்ட் எதுவும் நிற்காது. நண்பர் ஒருவர் இந்தக் கோப்பிலிருந்து எடுத்த படத்தை அனுப்பி, "அண்ணா, பாதிக்குப் பாதி ஷார்ட் அடிச்சிருக்காங்க, வித்துடவா?" என்று கேட்டார். அந்தப் பங்கில் உண்மையான ஷார்ட் இன்ட்ரஸ்ட் ஃப்ளோட்டில் 3% கூட இல்லை. ஷார்ட் வால்யூம் ஒரு நாளின் போக்குவரத்து, ஷார்ட் இன்ட்ரஸ்ட் அந்தத் தேதியில் தீராமல் நிற்கும் பாக்கி. இரண்டையும் கலக்கவே கூடாது.

எங்கே போய் எடுப்பது

நாஸ்டாக்கில் பட்டியலான பங்கு என்றால் நாஸ்டாக் தளத்திலேயே அந்தப் பங்கின் பக்கத்தில் ஷார்ட் இன்ட்ரஸ்ட் என்று தனிப் பட்டியல் உண்டு. கணக்குத் தேதி, ஷார்ட் எண்ணிக்கை, சராசரி தினசரி வியாபாரம், டேஸ் டு கவர் எல்லாம் வரிசையாக இருக்கும். பல மாதங்களுக்கும் சேர்த்து இருப்பதால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். நியூயார்க் சந்தைப் பங்குக்கு ஃபின்ரா தளத்தில் தேடலாம். யாகூ ஃபைனான்ஸில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் போனால் மொத்தப் பங்கு, ஃப்ளோட், ஷார்ட் எண்ணிக்கை, போன மாத ஷார்ட், ஃப்ளோட்டில் சதவீதம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், தேதியும் அதே வரியில் சின்னதாகப் போட்டிருக்கும்.

அவசரத்துக்கு யாகூ போதும். ஆனால் ஒரு முறையாவது மூலத்தைத் திறந்து பாருங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்இசியின் எட்கர் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு, கடைசி 10-கே (ஆண்டு) அல்லது 10-க்யூ (காலாண்டு) அறிக்கையைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே இந்தத் தேதியில் மொத்தம் இத்தனை பங்கு உள்ளது என்று எழுதியிருக்கும், வகுப்பு வாரியாக. அப்புறம் வருடம் ஒரு முறை பங்குதாரர் கூட்டத்துக்கு முன் தாக்கலாகும் ப்ராக்ஸி அறிக்கையில், இயக்குநர்கள், உயர் அதிகாரிகள், 5%க்கு மேல் வைத்திருப்பவர்கள் கையில் எவ்வளவு என்று ஒரு அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையில் வான்கார்ட், பிளாக்ராக் பெயரைப் பார்த்து அதையும் கழித்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் இன்டெக்ஸ் ஃபண்டு நடத்தும் நிறுவனங்கள், அவர்கள் பங்கு ஃப்ளோட்டில்தான் சேரும், ஷார்ட் அடிப்பவர்களுக்குக் கடன் கொடுப்பதிலும் அவர்கள் முக்கியமானவர்கள். நிறுவனர், இயக்குநர், தாய்க் கம்பெனி, இயக்குநர் குழுவில் ஆள் வைத்திருக்கும் வென்ச்சர் நிதி, இவர்களை மட்டும் கழியுங்கள். கிடைக்கிற எண் யாகூ சொல்வதற்குப் பக்கத்தில் வந்தால் சரி. ரொம்ப விலகினால் எந்த வகுப்பு, எந்தத் தேதி என்று மறுபடி பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒரு ஷீட்டில் ஐந்து நெடுவரிசை போட்டுக்கொண்டால் போதும்: கணக்குத் தேதி, ஷார்ட் எண்ணிக்கை, ஃப்ளோட், சதவீதம், டேஸ் டு கவர். மாதம் இரண்டு வரி சேரும். ஒரு தனி எண் எதையும் பெரிதாகச் சொல்லாது, ஆறு மாதப் போக்கு சொல்லும்.

ஃப்ளோட்டும் நகரும்

பலரும் ஷார்ட் எண்ணை மட்டும் துரத்துவார்கள், கீழே உள்ள எண்ணும் மாறுகிறது என்பதை மறந்துவிடுவார்கள். ஐபிஓவுக்குப் பிறகு உள்ளே இருப்பவர்கள் விற்கக் கூடாது என்று ஒரு லாக்-அப் காலம் இருக்கும், வழக்கமாக 180 நாள். அது முடிகிற அன்று விற்கக்கூடிய பங்கு பல மடங்காகலாம். ஆகலாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆர்ம் கம்பெனிக்கு 2024 மார்ச்சில் லாக்-அப் முடிந்தது, ஆனால் சாஃப்ட்பேங்க் விற்கவில்லை, ஃப்ளோட் அப்படியே சின்னதாகவே இருந்தது. தேதி முடிந்ததா என்பதோடு, யார் கையில் இருக்கிறது, அவர் விற்கிறவரா என்பதையும் பார்க்க வேண்டும்.

கம்பெனியே புதுப் பங்கை நேராகச் சந்தையில் விற்கும் வழியும் உண்டு. 2024 மே மாதம், வீடியோ கேம் கடைகள் நடத்தும் கேம்ஸ்டாப்பின் பங்கு திடீரென்று பறந்தபோது, கம்பெனி 4.5 கோடிப் புதுப் பங்குகளை விற்று சுமார் 93 கோடி டாலர் எடுத்துக்கொண்டது. விலை ஏறும் என்று வாங்கியவர்களுக்கு எதிரே திடீரென்று ஒரு பெரிய விற்பனையாளர், அதுவும் அந்தக் கம்பெனியே. ஸ்குவீஸை நம்பி வாங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

பங்குப் பிரிப்பில் இன்னொரு குழப்பம் வரும். என்விடியா 2024 ஜூனில் ஒன்றுக்குப் பத்து என்று பிரித்தது. ஷார்ட் எண்ணிக்கையும் பத்து மடங்கு ஆனது, ஃப்ளோட்டும் பத்து மடங்கு ஆனது, சதவீதம் மாறவில்லை. பிரிப்புக்கு முந்தைய ஃப்ளோட்டையும் பிந்தைய ஷார்ட்டையும் சேர்த்து வகுத்துவிட்டால் 1% இருக்க வேண்டியது 10% ஆகத் தெரியும்.

100%க்கு மேல் எப்படிப் போகும்?

இருக்கிற பங்கையே விடவும் அதிகமாக எப்படி ஷார்ட் அடிக்க முடியும், திருட்டுத்தனம்தானே என்று கேட்பார்கள். திருட்டு இல்லாமலும் நடக்கும். நான் என் நூறு பங்கைக் கடன் கொடுக்கிறேன். வாங்கியவர் அதை உங்களுக்கு விற்கிறார். உங்களுக்கு அது சாதாரண நூறு பங்கு, உங்கள் கணக்கு மார்ஜின் கணக்கு, உங்கள் புரோக்கர் அதே நூறை இன்னொருவருக்குக் கடன் கொடுக்கிறார், அவரும் விற்கிறார். உண்மையில் இருப்பது நூறு பங்கு, ஷார்ட் இருநூறு. தன்னுடையது என்று சொல்பவர்கள் மூன்று பேர். நிறுவன முதலீட்டாளர்கள் 110% வைத்திருக்கிறார்கள் என்று சில பக்கங்களில் விசித்திரமாக வருவதற்கும் இது ஒரு காரணம். 2021 ஜனவரியில் கேம்ஸ்டாப்பில் ஷார்ட் இப்படித்தான் 100%ஐத் தாண்டி இருந்தது, அந்த மாதம் 28ஆம் தேதி விலை ஒரு கட்டத்தில் 483 டாலர் வரை போனது. ஆனால் அந்த நிலை மிகமிக அபூர்வம், அதை எல்லாப் பங்குக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் ஆபத்து.

உண்மையில் ஃப்ளோட் சுருங்கியதால் வந்த வெடிப்புக்கு நல்ல பாடம் டெக் உலகத்துக்கு வெளியே இருக்கிறது. 2008 அக்டோபரில் போர்ஷ, தன்னிடம் ஃபோக்ஸ்வாகன் பங்கில் 42.6%, ஆப்ஷன் வழியாக இன்னும் 31.5% இருப்பதாக அறிவித்தது. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநில அரசிடம் 20%க்கு மேல். கூட்டிப் பாருங்கள், சந்தைக்கு மிச்சம் 6% கூட இல்லை. ஷார்ட் நின்றதோ அதைப் போல இரண்டு மடங்கு. முதல் நாள் வரை பயப்படும்படி இல்லாமல் தெரிந்த ஷார்ட் எண், ஒரே அறிவிப்பில் மூட முடியாத எண்ணாகிவிட்டது. இரண்டே நாளில் பங்கு 1,000 யூரோவைத் தொட்டது. இங்கே மேலே உள்ள எண் மாறவே இல்லை, கீழே உள்ளதுதான் மாறியது.

எண் கிடைத்துவிட்டது, இனி எப்படிப் படிப்பது

ஃப்ளோட்டில் 2, 3% ஷார்ட் என்பது பெரிய டெக் கம்பெனிகளுக்கு அன்றாடம். 10%க்கு மேல் போனால் யாரோ ஒரு காரணத்தோடு நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பிக்கலாம். 20%க்கு மேல் என்றால் அந்தக் காரணம் தெரியாமல் பங்கை வைத்திருப்பது நல்லதில்லை. இதெல்லாம் சட்டம் இல்லை, பழக்கத்தில் வந்த அளவு. என்விடியாவில் ஷார்ட் சுமார் 1%தான், ஆனால் கம்பெனி அவ்வளவு பெரியது என்பதால் டாலர் கணக்கில் அது உலகின் மிகப் பெரிய ஷார்ட்களில் ஒன்று. "இத்தனை ஆயிரம் கோடி டாலருக்கு ஷார்ட்" என்று தலைப்புப் போட்டால் பயங்கரமாக இருக்கும், சதவீதம் பார்த்தால் ஒன்றுமில்லை.

ஷார்ட் அடிக்கிற எல்லாருமே கம்பெனி மோசம் என்று நினைப்பவர்களும் இல்லை. கம்பெனி கன்வர்ட்டிபிள் பாண்டு (பிற்பாடு பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம்) வெளியிடும்போது, அதை வாங்கும் நிதிகள் பாதுகாப்புக்காகப் பங்கை ஷார்ட் அடிக்கும். பங்கு எங்கே போனாலும் அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. மைக்ரோஸ்ட்ராட்டஜி (இப்போது ஸ்ட்ராட்டஜி) மாதிரி அடுத்தடுத்துக் கன்வர்ட்டிபிள் வெளியிட்ட கம்பெனியில் ஷார்ட் அதிகமாகத் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு. எனவே ஷார்ட் திடீரென்று ஏறியிருந்தால், அந்த இரண்டு வாரத்தில் பாண்டு ஏதும் வெளியானதா என்று முதலில் பாருங்கள்.

ஷார்ட் அடிப்பவர்களை எதிரியாகப் பார்ப்பதையும் விட்டுவிடுவது நல்லது. சூப்பர் மைக்ரோ கம்ப்யூட்டர் பற்றி 2024 ஆகஸ்ட் 27 அன்று, ஷார்ட் அடித்து ஆய்வறிக்கை வெளியிட்டுவந்த ஹிண்டன்பர்க் நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது, கணக்கு வழக்கில் கோளாறு என்று. மறுநாளே கம்பெனி ஆண்டறிக்கை தாமதமாகும் என்றது. அக்டோபர் கடைசியில் தணிக்கையாளர் எர்ன்ஸ்ட் அண்ட் யங் விலகிவிட்டது தெரியவந்து, ஒரே நாளில் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. டிசம்பரில் கம்பெனி அமைத்த சிறப்புக் குழு மோசடிக்கு ஆதாரம் இல்லை என்றது, 2025 பிப்ரவரியில் அறிக்கையும் தாக்கலானது. இதில் யார் முழுக்கச் சரி என்பதைவிட, ஷார்ட் அடிப்பவர் சொல்கிற காரணத்தை உட்கார்ந்து முழுக்கப் படித்தவருக்கு நடுவில் வந்த ஒவ்வொரு செய்தியும் புரிந்திருக்கும் என்பதுதான் முக்கியம். சதவீதத்தை மட்டும் பார்த்தவருக்குப் புரிந்திருக்காது.

நம் ஊர்ப் பங்குகளில் இதே எண் கிடைக்குமா

அதே மாதிரி கிடைக்காது. இங்கே கையில் பங்கு இல்லாமல் ரொக்கச் சந்தையில் விற்றால் அன்றைக்கே மூடியாக வேண்டும், மூடாவிட்டால் ஏலத்துக்குப் போய் அபராதத்தோடு முடியும். நாள் கடந்து வைத்திருக்கக் கடன் வாங்க எஸ்எல்பி என்ற முறை 2008 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, ஆனால் அதில் வியாபாரம் மிகக் குறைவு. பெரும்பாலான ஷார்ட், பின்னொரு தேதிக்கு இப்போதே விலை பேசி ஒப்பந்தம் போடும் ஃப்யூச்சர்ஸ் பக்கம்தான் நடக்கிறது. அங்கே தெரியும் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டை (இன்னும் தீராமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை) ஷார்ட் இன்ட்ரஸ்ட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர், சரிபாதி. ஃப்ளோட் மட்டும் இங்கேயும் வேலை செய்கிறது: எஃப்அண்ட்ஓ பங்குகளில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம் உள்ளவை) சந்தை முழுவதற்குமான ஒப்பந்த உச்ச வரம்பைக் கணக்கிடும்போது ஃப்ளோட்டையும் பார்க்கிறார்கள். அந்த வரம்பில் 95% நிரம்பினால் பங்கு தடைப் பட்டியலுக்குப் போய்விடும்.

இங்கிருந்து அமெரிக்கப் பங்கை ஷார்ட் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், ஆனால் மார்ஜின் வியாபாரத்துக்கு அந்தப் பணத்தைப் பயன்படுத்த ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. ஷார்ட்டுக்கு மார்ஜின் இல்லாமல் வழியில்லை, எனவே அந்தக் கதவு மூடியது.

ஆர்எஸ்யு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் கம்பெனியின் இன்சைடர் டிரேடிங் கொள்கையில், சொந்தக் கம்பெனிப் பங்கை ஊழியர் ஷார்ட் அடிக்கவோ அதன்மேல் ஆப்ஷன் வாங்கவோ கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், விற்பதற்கும் காலாண்டு முடிவையொட்டி தடைக்காலம் இருக்கும். ஷார்ட் இன்ட்ரஸ்ட் ஏறியதைப் பார்த்து விற்க முடிவெடுத்தால், முதலில் டிரேடிங் விண்டோ திறந்திருக்கிறதா என்று உள் தளத்தில் பாருங்கள். தெளிவாக இல்லாவிட்டால் லீகல் குழுவுக்கு ஒரு மெயில் போட்டு, பதில் எழுத்தில் வந்தபிறகு விற்பனை ஆர்டர் போடுங்கள்.